குழந்தையை இழந்த பிறகு கோயிலுக்குப் போக மனம் வரவில்லை. ஆறுதலுக்கு என்ன செய்வது?

ஒன்றரை வயது மகளைப் புதைத்தோம், பெரியவர்கள் காரியம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார்கள், பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம், சாமி மேல் கோபமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

சின்னக் குழந்தைகளுக்குக் கருமாதி, திதி இல்லை என்பது பல குடும்பங்களில் வழக்கம். பாவமறியாத உயிருக்குக் கழிக்க ஒன்றுமில்லை என்பார்கள். சரி, ஆனால் பெற்றவர்கள் கூடி அழ ஒரு நாள்கூட இல்லாமல் போகிறது. அந்த நாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்தநாளில் பருப்புசாதத்தை நெய்விட்டுக் குழையப் பிசைந்து, அவள் கிண்ணத்திலேயே விளக்கின் முன் வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்புறம் நாலு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுங்கள்.

கோபம் இருந்தால் இருக்கட்டும். கண் பறிபோனபோது சுந்தரர் திருவாரூர் ஈசனிடம் சண்டைக்கே நின்றார். அந்தப் பதிகமும் தேவாரத்தில்தான் இருக்கிறது. சோமேஸ்வரர் கோயில் பக்கத்திலேயே இருந்தும் கால் போகவில்லையா? சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் எல்லா மதத்தாரும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

‘போன ஜென்ம வினை’ என்று ஆறுதல் சொல்ல வருபவர்களைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

தூக்கமோ சாப்பாடோ அறவே நின்றுவிட்டால், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.