தனியார் மின்னஞ்சல் நிறுவனங்கள் பயனர்களின் கடிதங்களை உள்ளடக்கம் பார்த்து வடிகட்டலாமா?

வடிகட்டலாம், ஆனால் எந்தக் கடிதமும் அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் தெரியாமல் மறைந்துபோகக் கூடாது. ஒரு சிறிய நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரைச் சில ஆண்டுகள் பராமரித்தவன் என்பதால், வடிகட்டியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போலிப் பரிசு அறிவிப்புகளுக்கும் கடவுச்சொல்லைத் திருட வரும் கடிதங்களுக்கும் நடுவே ஒரு வாடிக்கையாளரின் கடிதத்தைத் தேடி எடுப்பது எவ்வளவு பெரும்பாடு என்பதை நேரில் கண்டிருக்கிறேன். அனுப்பும் முகவரிகள் நாளுக்கு நாள் மாறுவதால், உள்ளே இருக்கும் சொற்களைப் பார்க்காமல் இவற்றைத் தடுப்பது கடினம். சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டு ஸ்பேம் எனப்படும் வேண்டாத கடிதங்களைப் பிரிக்கும் முறையை 2002இல் எழுதிய கட்டுரையொன்றால் பரவலாக்கிய கணினி நிரலாளர் பால் கிரகாம், ஒவ்வொரு பயனருக்கும் வரும் கடிதங்களைக் கொண்டே அவரவருக்கான வடிகட்டியைப் பழக்க வேண்டும் என்றார். எது வேண்டாதது என்று தீர்மானிப்பவர் பெறுபவரே என்ற அந்த எண்ணத்தை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அந்தத் தீர்மானம் நிறுவனத்தின் கைக்குப் போகும்போது என்ன நடக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் 2006இல் நடந்தது நல்ல சான்று. கட்டணம் செலுத்தும் மொத்த அனுப்புநர்களின் கடிதங்கள் வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் திட்டமொன்றை இணைய, மின்னஞ்சல் சேவை தந்த ஏஓஎல் நிறுவனம் அறிவித்தது. அதை எதிர்த்தவர்கள் ஓர் இணையதளம் தொடங்கிக் கையொப்பம் திரட்டினார்கள். ஏப்ரல் மாதத்தில், அந்தத் தளத்தின் முகவரி இடம்பெற்ற கடிதங்கள் ஏஓஎல் பயனர்களைச் சென்றடையவில்லை. மென்பொருள் கோளாறு என்று விளக்கம் தந்த நிறுவனம் அதைச் சரிசெய்தது. 2011 செப்டம்பரில் பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்து நியூயார்க்கில் நடந்த வால் ஸ்ட்ரீட் போராட்டத்தின் இணையதள முகவரியைக் குறிப்பிட்ட கடிதங்களை யாஹூ தடுத்தபோதும், ஸ்பேம் வடிகட்டியின் தவறு என்று கூறி மன்னிப்புக் கேட்கப்பட்டது. இரண்டு விளக்கங்களையும் நம்ப நான் தயார். ஆயினும் வெளியிலிருந்து பார்க்கும் ஒருவரால் கோளாற்றையும் தணிக்கையையும் வேறுபடுத்தி அறிய முடியாது என்பதுதான் என்னை வருத்துகிறது.

இதைவிடவும் மோசமானது கடிதத்தையே திருத்துவது. தீங்கான நிரல்களைத் தடுப்பதற்காக யாஹூ மெயில் சில எழுத்துத் தொடர்களை மாற்றியதால், இடைக்காலத்தைக் குறிக்கும் 'மெடீவல்' என்ற ஆங்கிலச் சொல் 'மெடிரிவியூ' என்று பொருளற்ற சொல்லாகிப் போய்ச்சேர்ந்தது 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது. எழுதியவர் எழுதாததைப் படித்த பெறுநருக்கு அது தெரிய வழியே இல்லை.

சர்வரில் ஐயத்துக்குரிய கடிதத்தைக் கையாள மூன்று வழிகள் உண்டு. பெறுநரின் ஸ்பேம் பெட்டியில் போடலாம்; வாசலிலேயே மறுத்து, 550 என்ற பிழை எண்ணோடு அனுப்பியவருக்கே தகவல் திரும்பும்படி செய்யலாம்; அல்லது ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுச் சத்தமின்றி அழித்துவிடலாம். மூன்றாவது வழியை, மிக உறுதியாகத் தெரிந்த தீங்குகளுக்கு மட்டுமே எண்ணிப்பார்க்க வேண்டும் என்று சர்வர்கள் கடிதங்களைப் பரிமாறும் நெறியான எஸ்எம்டிபிக்கு 2008இல் வெளியான வரையறையே எச்சரிக்கிறது. எங்கள் சர்வர் ஒருமுறை வேலைக்கு விண்ணப்பித்த பெண் ஒருவரின் கடிதத்தைத் தவறாக மறுத்துவிட்டது. பிழைச் செய்தி கைக்குக் கிடைத்ததால் அன்றே அவர் தொலைபேசியில் அழைத்தார். அது ஓசையின்றி அழிக்கப்பட்டிருந்தால், எங்களிடமிருந்து பதில் வராததற்குத் தன் தகுதிக் குறைவே காரணம் என்று அவர் எண்ணியிருப்பார்.

குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களை, ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டவற்றோடு ஒப்பிட்டுத் தடுப்பதை மட்டும், எந்தக் கடிதமும் தெரியாமல் மறையக் கூடாது என்பதற்கு விதிவிலக்காக நான் ஏற்கிறேன்.

தனியார் நிறுவனம் தன் விருப்பப்படி நடக்கலாம், பிடிக்காதவர் வேறிடம் போகலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆட்சேபத்துக்குரியது என்று கருதுவதை நல்லெண்ணத்தோடு தடுப்பவர்களுக்கு இணையச் சேவை நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய அமெரிக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு 1996 முதல் பாதுகாப்புத் தருவது உண்மை. தங்கள் நிதி திரட்டும் கடிதங்கள் ஸ்பேமில் போடப்படுவதாகக் கூறிக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு கூகுள்மீது 2022இல் தொடுத்த வழக்கை, அந்தப் பிரிவையும் சுட்டிக்காட்டி நீதிமன்றம் மறு ஆண்டு தள்ளுபடி செய்தது. சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. வங்கி, வருமானவரி, பள்ளி என எல்லாவற்றோடும் பிணைந்த முகவரியை மாற்றுவது எளிதன்று. அதைவிட முக்கியமாக, கடிதம் எழுதியவர் பெறுநரின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கவே இல்லை, அதன் விதிகளுக்கு ஒப்புதல் தரவும் இல்லை.