பாட்டிலை நிறுத்தினால்தான் சிவப்பு நிற்கும்

கேள்வி: எனக்கு 33 வயது. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்ட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் பைக்கில் போய் வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கண் சிவந்து எரிந்தது. மெடிக்கலில் கேட்டதும் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்ட இரண்டே நிமிஷத்தில் கண் பளிச்சென்று வெளுத்துவிட்டது. அப்போதிருந்து விட முடியவில்லை. முதலில் காலையில் மட்டும் போட்டேன். இப்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டியிருக்கிறது. மாதம் மூன்று பாட்டில் ஆகிறது. போடாவிட்டால் கண் ரத்தச் சிவப்பாகிவிடும். "ராத்திரி சரக்கா?" என்று கேட்கிறார்கள். நான் குடிப்பதே இல்லை. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. இதைவிட பவரான டிராப்ஸ் எது என்று சொல்லுங்கள்.
பெயர் வெளியிட வேண்டாம், மேல்விஷாரம்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

பவரான டிராப்ஸின் பெயரை எழுதப் போவதில்லை. உங்கள் கண்ணில் இன்று இருக்கும் சிவப்பில் பெரும் பங்கு அந்தச் சொட்டு மருந்தே உண்டாக்குவது. குடிக்காத மனிதர் குடிகாரர் என்று பெயர் வாங்குவது எவ்வளவு வேதனை என்று புரிகிறது. அதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. கைவசம் இருக்கும் ஆறு வாரம் பெரும்பாலானவர்களுக்குப் போதும், ஆனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். 10 மி.லி. பாட்டிலில் சுமார் 200 சொட்டு இருக்கும். மூன்று பாட்டில் என்றால் 600 சொட்டு. நாள் ஒன்றுக்கு 20, கண் ஒன்றுக்குப் பத்து வேளை. இந்த வகை மருந்தை ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போடக் கூடாது. மூன்று நாளில் சிவப்பு அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் மூன்று வருஷமாகப் போட்டிருக்கிறீர்கள். இது உங்கள் தவறு மட்டுமல்ல. அன்று பாட்டிலைக் கையில் கொடுத்தவர்கள் இந்த 'மூன்று நாள்' என்ற வார்த்தையையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

நிறுத்துவதற்கு முன்னால் பாட்டிலை எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நாபாசோலின், டெட்ராஹைட்ரோசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று 'சோலின்' என முடியும் பெயர் இருந்தால், அல்லது ஃபீனைல்எஃப்ரின் என்று இருந்தால், அது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து. கீழே எழுதியிருப்பது அதற்குத்தான். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன் என்று 'சோன்', 'லோன்' என முடியும் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. கிருமிக்கொல்லி மருந்தோடு கலந்தும் இது வருகிறது, அதனால் முதல் பெயரோடு நிறுத்தாமல் எல்லாப் பெயரையும் படியுங்கள். ஸ்டீராய்டு என்றால் நீங்களாக எதையும் செய்யாமல் அதே வாரத்தில் கண் மருத்துவரிடம் போய்க் கண்ணின் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் போட்ட ஸ்டீராய்டு சத்தமில்லாமல் கண் அழுத்தத்தை ஏற்றும், கண்புரையையும் கொண்டுவரும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பி வராது. அதைப் படிப்படியாகக் குறைக்கும் அளவையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். லேபிளில் 'ஆர்எக்ஸ்' குறி இருந்தால் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கவே கூடாத மருந்து அது.

நீங்கள் சொல்லும் 'இரண்டு நிமிஷத்தில் பளிச்' என்பதைப் பார்த்தால் சோலின் வகை என்றே தோன்றுகிறது. அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் நிறுத்தும் நாட்களில் மனம் தளராது. வெள்ளை விழியின் மேல் கண்ணாடித்தாள் போல ஒரு சவ்வு இருக்கிறது. அதில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்தால்தான் கண் சிவப்பாகத் தெரியும். மருந்து அந்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகிறது. எரிச்சலுக்கான காரணம் அப்படியே இருக்கும், சிவப்பு மட்டும் மறையும். சில மணி நேரத்தில் பிடி தளர்ந்ததும், ரத்தம் குறைந்து வாடியிருந்த இடத்துக்கு ஈடுகட்டுவது போலக் குழாய்கள் முன்னைவிட அகலமாக விரிகின்றன. மறுபடி சொட்டு, மறுபடி விரிவு. நாளாக ஆகக் குழாய்கள் மருந்துக்கு மசிவதும் குறைகிறது. முன்பு அரை நாள் தாங்கிய சொட்டு இப்போது ஒன்றரை மணி நேரம் தாங்குவது அதனால்தான். இதோடு, பாட்டில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பொருளும் இருக்கிறது. நாளுக்கு இருபது சொட்டு என்று அது விழும்போது கண்ணீர்ப் படலம் கலைந்து, கருவிழியின் மேல்தோல் புண்ணாகிறது. அந்த எரிச்சலும் ஒரு சிவப்பு.

எப்படி நிறுத்துவது? ஒரு கண்ணில் முதலில் நிறுத்தி, அது தெளிந்ததும் மற்றதில் நிறுத்தும் முறையைச் சிலர் சொல்வார்கள். மூக்கடைப்பு ஸ்ப்ரேக்குப் பழகியவர்களுக்கு அது உதவும், மூக்குக்குள் நடப்பது வெளியே தெரியாது. ஒரு கண் வெள்ளை, ஒரு கண் சிவப்பு என்று கம்பெனிக்குப் போனால் 'மெட்ராஸ் ஐ' என்று எல்லாரும் பத்தடி தள்ளி நிற்பார்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் முழுதாக நிறுத்துவதே நல்லது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சொட்டு என்று வைத்துக்கொண்டால் கண் அந்த ஒன்றிரண்டுக்கே காத்திருக்கும். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கடைசிச் சொட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் திங்கள், செவ்வாய் லீவு போடுங்கள்.

முதல் மூன்று நாள்தான் கடினம். கண் நீங்கள் இதுவரை பார்க்காத அளவு சிவக்கும், கனக்கும், மணல் விழுந்தது போல உறுத்தும். பயந்துபோய்ப் பாட்டிலைத் திரும்ப எடுப்பவர்கள் இந்த மூன்று நாளில்தான் எடுக்கிறார்கள். வாரக் கடைசியில் உறுத்தல் தணியத் தொடங்கும், இரண்டாவது வாரத்தில் காலை நேரச் சிவப்பு குறையும். இதே பிரச்சினையோடு வந்த 70 நோயாளிகளைப் பற்றி 1997-ல் ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. மருந்தை நிறுத்திய பிறகு கண் முழுதாகத் தெளிய அவர்களில் பாதிப் பேருக்கு நான்கு வாரத்துக்குள் ஆனது. மிக வேகமாகத் தெளிந்தவருக்கு ஒரு வாரம், மிகத் தாமதமானவருக்கு 24 வாரம். ஆறாவது வாரம் உங்கள் கண் பால் வெள்ளையாக இருக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது. ஆனால் இன்று இருப்பதைவிட நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த நாட்களில் கண்ணுக்குச் செய்ய வேண்டிய முதல் உபகாரம் குளிர்ச்சி. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது மூடிய பானையில் ஊற்றிவையுங்கள். துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியை நான்காக மடித்து அதில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்களின் மேல் பத்து நிமிஷம் வையுங்கள். நாளைக்கு நான்கு தடவை செய்யலாம். சில்லென்று இருப்பதே குழாய்களைச் சுருக்கும், ஆனால் மருந்தைப் போலத் திருப்பியடிக்காது. ஐஸ் கட்டியை நேராக இமையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு துணி.

இரண்டாவது, செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம் என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படும், அதனால் கெடாப்பொருள் சேர்க்காததாகவே வாங்குங்கள். ஒரு நாள் பயன்படுத்தி எறியும் குட்டி பிளாஸ்டிக் குப்பிகளில் வரும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் இந்தச் சமயத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நாளுக்கு நான்கு தடவைக்குக் குறைந்த பிறகு சாதாரண பாட்டிலுக்கு மாறலாம். இது சிவப்பை உடனே வெளுக்கவைக்காது, கண்ணை ஈரமாக வைக்கும், அவ்வளவுதான். 'சிவப்பும் போகும், குளிர்ச்சியும் தரும்' என்று கடையில் எதையாவது மாற்றிக் கொடுத்தால் லேபிளைப் பார்க்காமல் வாங்காதீர்கள். குளிர்ச்சி என்று எழுதிய பாட்டிலுக்குள்ளும் சோலின் இருக்கலாம்.

சொட்டு விடும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். கையை சோப்பு போட்டுக் கழுவி, கீழ் இமையை விரலால் கீழே இழுத்து, அங்கே உண்டாகும் பையில் ஒரே ஒரு சொட்டு. கண்ணுக்குள் நிற்பது ஒரு சொட்டுகூட முழுதாக இல்லை, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. பிறகு இரண்டு நிமிஷம் கண்ணை மூடியிருங்கள், கண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் மருந்து மூக்குக்குள் போய்விடும்.

வேறு ஒன்று வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பன்னீர், தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு என்று அன்போடு சொல்வார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கழுவி மூடிய இமையின் மேல் ஒற்றிக்கொள்வது வேறு. எதையும் கண்ணுக்குள் பிழியாதீர்கள். உங்கள் கருவிழியின் மேல்தோல் இப்போது வெந்துபோயிருக்கிறது. கிருமி நீக்காத எது உள்ளே போனாலும் அங்கே புண் பிடிக்கும், பூஞ்சைப் புண் வந்தால் மாதக்கணக்கில் மருத்துவம் பார்க்க வேண்டும்.

இனி, மூன்று வருஷத்துக்கு முன்னால் கண் ஏன் முதலில் சிவந்தது என்பதற்கு வருவோம். அதைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி மெடிக்கல் வாசலில் நிற்பீர்கள். நீங்களே காரணத்தை எழுதிவிட்டீர்கள், பேஸ்ட்டிங் செக்‌ஷன். ஷூ ஒட்டும் பசையான சொல்யூஷனின் ஆவி கண்ணீர்ப் படலத்தில் கரைந்து எரிக்கிறது. டேபிள் ஃபேன் எதிரே இருந்து வீசினால் ஆவியை முகத்துக்கே தள்ளும், கண்ணையும் காயவைக்கும். காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து வந்து எக்ஸாஸ்ட் பக்கம் போகும்படி ஃபேனைத் திருப்பிவையுங்கள். சொல்யூஷன் டப்பாக்களைத் திறந்தே வைக்காமல், பிரஷ் போகும் அளவுக்குத் துளையுள்ள மூடி போடச் செய்யுங்கள். நீங்கள் சூப்பர்வைசர், இதைச் செய்ய வைக்கும் இடத்தில் இருக்கிறீர்கள், உங்கள் வரிசையில் உட்காரும் பெண்களின் கண்ணும் சேர்ந்தே பிழைக்கும். பசை ஒட்டிய விரலால் கண்ணைத் தேய்க்காதீர்கள். சொல்யூஷனோ தின்னரோ கண்ணில் தெறித்தால் வேறு எதையும் யோசிக்காமல் குழாய்த் தண்ணீரில் கண்ணைத் திறந்துவைத்துக் குறைந்தது பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது சாலை. நாலு வழிச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால், அதுவும் அம்மியும் பறக்கும் ஆடிக் காற்றில், ஹெல்மெட் வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டினால் கண் என்ன செய்யும்? வைசர் இறங்கியிருக்க வேண்டும். கீறல் விழுந்து மங்கியிருந்தால் வைசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் முகத்தையும் இமை ஓரத்தையும் கழுவுங்கள், கண்ணுக்குள் தண்ணீர் அடிக்க வேண்டாம். காலையில் இமை ஓரத்தில் பொடுகு போல ஒட்டியிருந்தால் இமை ஓரம் அழன்றிருக்கலாம், எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான துணியை ஐந்து நிமிஷம் வைத்து, இமையை மயிர்க்கால் பக்கமாக மெதுவாக நீவிவிடுங்கள். அரிப்புதான் அதிகம் என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குத் தனிச் சொட்டு மருந்து உண்டு, மருத்துவர் எழுதித் தருவார். வெயிலிலும் தூசியிலும் பல வருஷம் அலைந்தவர்களுக்கு மூக்குப் பக்கத்து வெள்ளை விழியில் முக்கோணமாகச் சதை வளர்ந்து சிவப்பாகத் தெரிவதும் உண்டு. கண்ணாடியில் பாருங்கள், அப்படி இருந்தால் எந்தச் சொட்டும் அதைக் கரைக்காது.

ஒருமுறை கண் மருத்துவரைப் பார்ப்பது எப்படியும் அவசியம். மூன்று வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு கருவிழி, கண் அழுத்தம் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். முதல் வார அவதி தாங்காவிட்டால் அவர் மென்மையான ஸ்டீராய்டு சொட்டைச் சில நாளுக்கு மட்டும், தேதி குறித்து, எழுதித் தரலாம். அது அவர் கண்காணிப்பில் இருக்கும்போதுதான் மருந்து. வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் டிஸ்பென்சரி வழியாகப் போங்கள். பழைய பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், 'சிவப்பு டப்பா சார்' என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்?

கண் வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்தாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தாலோ, சீழ் வந்தாலோ ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே போக வேண்டும். தலைவலி, வாந்தியோடு கண் சிவந்து வலித்தால் இரவானாலும் காத்திருக்காதீர்கள். சோலின் வகைச் சொட்டுகள் கண் பாப்பாவை, அதாவது கருவிழி நடுவில் உள்ள துளையை, விரிக்கக்கூடியவை. கண்ணின் உள்நீர் வடியும் கோணம் குறுகியவர்களுக்குத் திடீரென்று அழுத்தம் ஏறிவிடும்.

வீட்டிலும் வண்டிப் பெட்டியிலும் மிச்சமிருக்கும் பாட்டில்களை இன்றே ஒன்றுசேருங்கள். ஸ்டீராய்டு இல்லை என்று உறுதியானதும், மருத்துவரிடம் காட்ட ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஊற்றிவிடுங்கள். குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. ஒன்றிரண்டு மி.லி. விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வந்து, நாடித்துடிப்பு குறைந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. கல்யாண வீடு என்றால் ஊரெல்லாம் பிள்ளைகள் வந்துபோகும்.

கல்யாணத்துக்கு முந்தின இரவு எப்படியாவது ஆறு மணி நேரம் தூங்கப் பாருங்கள். அடுப்புப் புகை, சாம்பிராணிப் புகை பக்கம் நிற்க வேண்டாம், நின்றே ஆக வேண்டுமென்றால் புகை போகும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக நில்லுங்கள். செயற்கைக் கண்ணீர்க் குப்பி இரண்டு சட்டைப் பையில் இருக்கட்டும். போட்டோவுக்கு நிற்கும் முன்னால் குளிர்ந்த துணியை ஐந்து நிமிஷம் கண்ணில் வைத்து எடுங்கள். யாராவது அவசரத்துக்கு ஒரு சொட்டு விட்டுக்கோ என்று பழைய பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள்.