தாளப் பயிற்சித் தாளைக் கணினியில் உருவாக்க: கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் நோட்டுகளை ராண்டமாக எடுத்து 4/4 பாரை (நான்கு பீட் கொண்ட ஒரு கட்டத்தை) நிரப்புகிறேன். கணக்கு சரி, ஆனால் மாணவர்கள் திணறுகிறார்கள். ஏன்?

பதில்: பகடையை நோட்டுக்குப் போடாதீர்கள், பீட்டுக்குப் போடுங்கள். புள்ளி வைத்த குவேவர் (முக்கால் பீட்), கிராட்செட் (ஒரு பீட்), செமிகுவேவர் (கால் பீட்) என்று வரிசையாக விழுந்தால் கூட்டினால் இரண்டு பீட்தான். ஆனால் இரண்டாவது பீட் கிராட்செட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது, கண்ணுக்குப் பிடி கிடைப்பதில்லை.

ஒரு பீட் நீளமுள்ள துண்டுகளை முதலில் பட்டியலிடுங்கள். இசைக் குறிப்பை அச்சிடும் மென்பொருளான லில்லிபாண்டின் எண்களில் (2 மினிம், அதாவது இரண்டு பீட்; 4 கிராட்செட், 8 குவேவர், 16 செமிகுவேவர்; எண்ணுக்குப் பின் புள்ளி என்றால் புள்ளி வைத்த நோட்டு): 4, 8 8, 16 16 16 16, 8 16 16, 16 16 8, 8. 16, 16 8 16. ஏழு துண்டுகள், நான்கு பீட், ஆக 2401 வகைப் பார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டவேண்டாம். முதல் தாளுக்கு முதல் இரண்டு துண்டுகள் போதும். அதிலேயே 16 வகைப் பார் வரும். பிறகு தாளுக்கு ஒரு புதுத் துண்டு, அதுவும் பாருக்கு ஒருமுறையாவது வரும்படி. 16 8 16 கடைசியில்தான்.

ராண்டம் சீட் எண்ணை (அதே எண் கொடுத்தால் பகடை அதே வரிசையில் விழும்) தாளின் அடியில் அச்சிடுங்கள். தொலைந்த தாளை அப்படியே திரும்ப எடுக்கலாம்.

கேள்வி: ஐந்து கோடு வேண்டாம், ஒற்றைக் கோடு மட்டும் போதும். எப்படி?

பதில்: லில்லிபாண்ட் கோப்பில் ஸ்டாஃப் என்ற இடத்தில் ரிதமிக்ஸ்டாஃப் என்று எழுதுங்கள்.

கேள்வி: துண்டுமுறையில் பீட்டுக்கு நடுவே அழுத்தம் விழும் சின்கோபேஷனே வராதே? பாடம் மொட்டையாகிவிடும்.

பதில்: நியாயமான ஆட்சேபம். 8 4 8, 4. 8 என்ற இரண்டு பீட் துண்டுகளைச் சேருங்கள். ஆனால் அவை 1 அல்லது 3-ஆம் பீட்டில் மட்டுமே தொடங்கலாம். 2-இல் தொடங்கினால், உதாரணமாக 8 4 8-இல், கிராட்செட் பாரின் நடுவைத் தாண்டும். அதை உடைத்து இரு குவேவராக்கி டை (இரண்டையும் இணைக்கும் வளைகோடு) போடவேண்டும்.

கேள்வி: நடுவைத் தாண்டி 4 2 4 என்று அச்சிட்ட தாள்கள் உண்டே! உங்கள் விதி எங்கே போயிற்று?

பதில்: 4 2 4 ஏற்கப்பட்ட விலக்கு. அங்கே மினிம் சரியாக 2-ஆம் பீட்டில் தொடங்குகிறது, எண்ணுவதில் குழப்பமில்லை. அதைக் காட்டி, அரை பீட்டில் தொடங்கும் கிராட்செட்டுக்கும் சலுகை கேட்பதை நான் ஏற்கமாட்டேன். பயிற்சித் தாளில் 3-ஆம் பீட் கண்ணில் பட்டே ஆகவேண்டும்.

கேள்வி: மிஸ்ர சாபு (3+4 என்று எண்ணும் கர்நாடகத் தாளம்) எப்படி?

பதில்: லில்லிபாண்டில் டைம் கட்டளைக்கு 3,4 7/8 என்று கொடுங்கள், பீம்கள் (குவேவர்களைச் சேர்க்கும் பட்டைகள்) தகிட, தகதிமி என்றே பிரியும். மூன்றுக்கும் நான்குக்கும் தனித்தனித் துண்டுப் பட்டியல் வையுங்கள்.

கேள்வி: பாரைத் தாண்டும் நோட்டை லில்லிபாண்ட் தானே பிரிக்காதா?

பதில்: பிரிக்காது. நோட்டின் தலையை வரையும் நோட் ஹெட்ஸ் என்கிரேவரை நீக்கிவிட்டு கம்ப்ளீஷன் ஹெட்ஸ் என்கிரேவரைச் சேர்த்தால் பிரிக்கும். துண்டுமுறையில் அதற்குத் தேவையே இராது.

கேள்வி: கூட்டுத்தொகை நான்கு வரும்வரை நோட்டுகளை ராண்டமாக எடுத்தால் ஆகாதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பகடை பீட்டுக்கு.