கணினி ஒலியை வேறு ரெக்கார்டரில் பதிவு செய்ய நடுவில் ஒரு சர்க்யூட் எதற்கு?

அந்தச் சர்க்யூட்டின் பெயர் அட்டெனுவேட்டர். வரும் சிக்னலின் அளவைக் குறைத்து அனுப்புவதுதான் அதன் ஒரே வேலை.

கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஏறக்குறைய 1 வோல்ட் வரை வரும். ரெக்கார்டரின் மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். நேராக ஒயர் போட்டால், ரகசியம் கேட்கக் காதை நீட்டியவரிடம் மெகாபோனில் கத்தின கதைதான். பதிவு கரகரவென்று உடைந்து கேட்கும்.

செய்வது சுலபம். இடது, வலது ஒயர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்து, மறுமுனைகளைச் சேர்த்துவிடுங்கள். (ரெசிஸ்டர் இல்லாமல் நேராக முறுக்கிச் சேர்த்தால் இரண்டு சேனல்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.) சேர்ந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு (எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பு ஒயர்) ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். ஒவ்வொரு சேனலின் சிக்னலும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். அங்கிருந்து மைக் ஒயருக்குப் போகும் வழியில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், நேர்முனை ரெக்கார்டர் பக்கம். பல மைக் துளைகள் மைக்குக்கென ஒரு சிறு டிசி (மாறாத, ஒரே திசை) மின்னழுத்தம் தரும். அதைக் கெப்பாசிட்டர் தடுக்கும், ஒலியை மட்டும் விடும்.

பதிவு செய்வது கைபேசி என்றால் இன்னொரு 2.2 கிலோ ஓம், மைக் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தேவைப்படும். அது இல்லாவிட்டால் வெளி மைக் இருப்பதே பல கைபேசிகளுக்குத் தெரியாது. உள் மைக்கிலேயே பதிவு செய்யும்.

‘கணினியில் வால்யூமைக் குறைத்தால் போதாதா?’ என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்போது பாட்டு மட்டும்தான் குறையும், கணினியின் சொந்த இரைச்சல் குறையாது.