ரௌலி எங்கே இருக்கிறது, எத்தனை பேர்?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள ரௌலி சிற்றூரை '32-20-மேற்கு 4' என்ற எண்ணை வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள், மக்கள்தொகை விவரமும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த எண்தான் முகவரியே. 'மேற்கு 4' என்றால் நில அளவையில் நான்காம் என்று எண்ணிட்ட தீர்க்கரேகைக்கு மேற்கே. அதாவது சஸ்காட்செவன் எல்லை, 110 பாகை. அங்கிருந்து மேற்கே 20-ஆவது கட்டம், அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே 32-ஆவது கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் பக்கமும் 6 மைல்.

கட்டத்துக்குள் ஒரு மைல் பக்கமுள்ள 36 சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 1 என்ற எண் தென்கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும்; 7 அதற்கு நேர் மேலே திரும்பிக் கிழக்கே வரும். ஏர் உழுகிற சால் போல நினைத்துக்கொண்டால் மறக்காது, நானும் அப்படித்தான் பழகினேன். நிலப் பத்திரத்தில் '32-20'-க்கு முன்னால் இன்னொரு எண் இருந்தால் அது இந்தச் சதுரம். அதில் கால்பங்கு 160 ஏக்கர், அந்தக் காலத்துக் குடியேறிக்குக் கொடுத்த நிலம்.

மக்கள்தொகைக்கு வருகிறேன். ஆல்பர்ட்டாவில் சிற்றூருக்குத் தனி ஊராட்சி கிடையாது. ரௌலியை நிர்வகிப்பது ஸ்டார்லேண்ட் கவுண்டி என்ற ஊரக நிர்வாகம். தேடும்போது பெரிய எண் ஏதாவது கண்ணில் பட்டால் அது கவுண்டி முழுமைக்குமானதாக இருக்கலாம், சரிபாருங்கள். 40 பேருக்குக் குறைவான இடங்களுக்கு வயது, மொழி போன்ற விவரங்களைக் கனடா புள்ளியியல் துறை தனியுரிமைக்காக வெளியிடுவதில்லை. தலைக்கணக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் மட்டும் கிடைக்கும்.