ஜம்யாதின் நாவலுக்கு உரிமை முடிந்தது. நீங்கள் வைத்திருக்கும் ஆங்கிலப் பிரதிக்கு?

கேள்வி: மனிதர்கள் கண்ணாடி வீடுகளில், பெயருக்குப் பதில் எண்ணோடு, 'உபகாரி' என்ற ஒற்றை ஆட்சியாளனுக்கு அடங்கி வாழும், ரஷ்ய எழுத்தாளர் ஜம்யாதினின் 'நாம்' நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கியிருக்கிறேன். வாரிசுகளிடம் உரிமை வாங்கித் தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜம்யாதின் 1937-இல் இறந்தார். இங்கே பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அப்படிப் பார்த்தாலும் 1997-இலேயே முடிந்துவிட்டது. ரஷ்ய மூலம் முழுதாக அச்சானது 1952-இல்தான், இறந்தபின் வெளியான நூலுக்குக் கணக்கு வேறு என்று தரகர் சட்டம் பேசலாம். அந்தக் கணக்கும் 2012-ஐத் தாண்டாது. இல்லாத உரிமையை வாங்கித் தர அவரால் எப்படி முடியும்?

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பும் தனிப் படைப்புதான். அதற்கு அதை மொழிபெயர்த்தவரின் இறப்புத் தேதியை வைத்துத் தனிக் கணக்கு. தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, மொழிபெயர்த்தவர் யாரென்று பாருங்கள். கிரிகரி ஜில்பூர்கின் 1924 பதிப்பு என்றால் கவலையில்லை: அவர் இறந்தது 1959; இந்தியாவில் 2020 ஜனவரி முதல் யாரும் பயன்படுத்தலாம். மிர்ரா கின்ஸ்பர்கின் 1972 மொழிபெயர்ப்பு என்றால், அவர் இறந்தது 2000. 2060 முடியும் வரை அனுமதி வேண்டும். அதிலிருந்து தமிழாக்கிவிட்டு நாலு சொல்லை மாற்றினால் தப்பிக்க முடியாது. பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள், இல்லையேல் ஜில்பூர்க் பிரதியை வைத்து முதலிலிருந்து செய்யுங்கள். புதிய பதிப்புகளின் முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டைப்படம் எதையும் தொடாதீர்கள்.

மின்னூலாகப் பிரிட்டனில் விற்பதானால் அங்கே பொதுவாக 70 ஆண்டு. பாதுகாப்புக்கு, ஜில்பூர்க் பிரதிக்கு 2029 முடியட்டும். அதுவரை விற்பனை நாடுகளில் பிரிட்டனை நீக்கிவிடுங்கள்.

அடுத்து அதே தரகர் 'காப்பிரைட் ரிஜிஸ்ட்ரேஷன்' என்று வந்து நிற்பார். முறையான மொழிபெயர்ப்புக்கு எழுதியவுடனேயே உங்களுக்கு உரிமை உண்டு, பதிவு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இலக்கிய நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு, பிறகு அவர்கள் எப்போது கண் திறக்கிறார்களோ அப்போது. "இந்த நூலுக்கு உரிமை முடிந்தது" என்று ஒரு வரிச் சான்றிதழ் தர இங்கே ஓர் அலுவலகம் இல்லை. தரகர்கள் பிழைப்பதே அதனால்தான். அச்சகமோ விற்பனைத் தளமோ கேட்டால் காட்ட, ஜில்பூர்க் பிரதியின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.