வெல்லும் படையா, பிடித்த படையா?
சிற்றுருக்களை வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டான வார்ஹாமர் 40,000-க்கு முதல் படையைச் சேர்க்கவிருக்கும் நீங்கள், போட்டிகளில் இப்போது வெல்லும் படையை வாங்குவதா, தோற்றத்தால் கவர்ந்த டைரனிட்களை (பூச்சி போன்ற வேற்றுலக உயிரினப் படை) வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். டைரனிட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014, 2017, 2020, 2023 என மூன்றாண்டுக்கு ஒரு முறை புதிய விதிப் பதிப்பு வந்திருக்கிறது. இடையிடையே, உருக்களின் வலிமைக்கேற்பத் தரப்படும் புள்ளி மதிப்புகளும் திருத்தப்படுவதால் இன்றைய வலிமை நிலைக்காது, ஆனால் ஒட்டி, அடிப்பூச்சு அடித்து, வண்ணம் தீட்டும் நேரம் ஆடும் நேரத்தைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதால், உருவங்களைப் பார்த்தவுடன் தூரிகையை எடுக்கத் தோன்ற வேண்டும். ஒரே மாதிரியான சிற்றுருக்கள் டைரனிட் படையில் ஏராளம் என்பதுதான் சிக்கல் (பலர் இதை வாங்கிய பிறகே உணர்கிறார்கள்). ஆகவே நேராக மொத்தம் 2,000 புள்ளி மதிப்புள்ள படைக்குப் போகாமல், பெரிய உருக்கள் மிகுந்த 1,000 புள்ளிப் படையோடு தொடங்கி, வெளிர் அடிப்பூச்சின் மேல் கான்ட்ராஸ்ட் வண்ணங்களைப் பூசுங்கள். ஒரே பூச்சில் பள்ளங்களில் நிழலும் மேடுகளில் வெளிச்சமும் கிடைத்துவிடும்.